படகைத் திருப்ப யாருக்குத் தெரியும்?

சென்ற இதழில் குக்கர் வால்வைப் பற்றி எழுதப்போக, "எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆயிற்று" என்று நிறையச் சகோதரிகள் கடிதம் போட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் படித்தேன், சந்தோஷம். அதில் ஒரு சகோதரி, "வீட்டுக்குள் ஜாக்கிரதை சரி, உல்லாசமாக வெளியே போகும் இடத்தில் ஜாக்கிரதையாக இருப்பது பற்றியும் எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தார். இதோ எழுதுகிறேன். ஆனால் இது பஸ் பயணமோ ரயில் பயணமோ இல்லை. பாய்மரப் படகுப் பயணம்!

"அதெல்லாம் பணக்காரர் சமாசாரம், நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். திருச்சியில் பிறந்து, காவேரிப் படித்துறையைத் தாண்டித் தண்ணீரையே அறியாதவள் நான். எனக்கு நீச்சலும் தெரியாது. அப்படிப்பட்ட நானே நாலு நாள் கடலில் மிதந்துவிட்டு வந்தேன். அங்கே நடந்த ஒரு சம்பவத்தை இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

என் தங்கை ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் குடும்பத்தோடு இருக்கிறாள். 2023 ஆகஸ்டில் நானும் என் கணவரும் அவளைப் பார்க்கப் போயிருந்தோம். தங்கை வீட்டுக்காரர் ஆபீஸ் சிநேகிதர்களோடு சேர்ந்து இரண்டு வருஷமாகப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். "சகலை வந்திருக்கார், அக்கா வந்திருக்காங்க. ஒரு படகு எடுத்துக்கிட்டு அஞ்சு நாள் தீவுகளைச் சுத்திட்டு வருவோம்" என்றார். குழந்தைகள் குதித்தார்கள். பெரியவளுக்கு அப்போது 14 வயது, சின்னவனுக்கு 6. மாப்பிள்ளை ஆசைப்படும்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

குவீன்ஸ்லாந்து மாநிலத்துக் கரையோரமாக விட்சண்டே தீவுகள் என்று 74 தீவுகள் இருக்கின்றன. வெளிப்பக்கம் பெரிய பவளத்திட்டு அரண் போல நிற்பதால், திறந்த கடலைப் போல அங்கே அவ்வளவு பெரிய அலை எழும்பாது. அதனால் லைசென்ஸ் இல்லாமலேகூடப் படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டிக்கொண்டு போகலாம். படகுக் கம்பெனிக்காரர்கள் பாடம் சொல்லிக் கொடுத்து, நம்மால் சமாளிக்க முடியுமா என்று பார்த்த பிறகுதான் சாவியைத் தருவார்கள். கண்டிப்பும் உண்டு. இருட்டில் ஓட்டக்கூடாது. சாயங்காலம் 4 மணிக்குள் ஏதாவது ஒரு குடாவில் நங்கூரம் போட்டுவிட வேண்டும். காலையும் மாலையும் ரேடியோவில் கரைக்குக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும்.

எங்கள் படகு 40 அடி நீளம். கீழே இறங்கினால் ஒரு குட்டி வீடு. மூன்று படுக்கை அறை, குளியலறை, மேஜை, சமையல் மேடை எல்லாம் உண்டு. தங்கையும் நானும் அதைப் பார்த்ததும் மயங்கிவிட்டோம். இட்லி மாவு, புளிக்காய்ச்சல், வெங்காயம், தக்காளி என்று நாங்கள் கொண்டுபோனதை எங்கே அடுக்குவது என்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலை.

இப்போது என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பாடம் சொல்லித் தர வந்தவர் ஓர் அறுபது வயதுப் பெண்மணி. நரைத்த தலை, வெயிலில் கறுத்த கை. அவர் மேல்தட்டில் நின்றுகொண்டு, "எல்லோரும் வாருங்கள், குழந்தைகளும் வாருங்கள்" என்று கூப்பிட்டார். நாங்கள் போகவில்லை. என் கணவர் கரையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கீழே இறங்கி வந்து மறுபடி கூப்பிட்டபோது, நான் என் அரைகுறை இங்கிலீஷில், "அவர் கேப்டன். அவருக்கு எல்லாம் தெரியும்" என்றேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "கேப்டன் தண்ணீரில் விழுந்துவிட்டால், படகைத் திருப்ப யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நம் பக்கத்தில் கிளம்பும்போது "எங்கே போறே?" என்றுகூடக் கேட்கமாட்டோம். "என்னடி இது, நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசறாங்க இந்தம்மா?" என்று தங்கையிடம் முணுமுணுத்துவிட்டு, வெங்காயத்தை அடுக்கப் போய்விட்டேன். பெரியவள் மட்டும் அப்பா பக்கத்தில் நின்று அத்தனையும் கேட்டாள்.

முதல் மூன்று நாள் சொர்க்கம்தான். நாரா இன்லெட் என்ற குடாவில் மலைகளுக்கு நடுவே தூங்கினோம். அந்தத் தீவுகளின் பூர்வகுடிகளான ங்காரோ மக்கள் வரைந்த குகை ஓவியங்களைப் பார்த்தோம். வைட்ஹேவன் கடற்கரையில் 7 கிலோமீட்டருக்குச் சர்க்கரை போல வெள்ளை மணல். தூரத்தில் திமிங்கிலம் முதுகைக் காட்டிவிட்டுப் போனது. எனக்கு இஞ்சி மொரப்பா கைகொடுத்தது. என் கணவருக்கு எதுவும் கைகொடுக்கவில்லை. பாதி நேரம் படுக்கையில்தான்.

நாலாம் நாள் காலை, டங் பே என்ற இடத்திலிருந்து மேற்குப் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஹூக் தீவுக்கும் விட்சண்டே தீவுக்கும் நடுவில் ஒரு குறுகலான வழி உண்டு. கடல் ஏறி இறங்கும் நேரத்தில் அங்கே தண்ணீர் ஆறு மாதிரி ஓடும். அன்றைக்குக் காற்று நல்ல வேகம், எங்களுக்குப் பின்னாலிருந்து அடித்தது. இரண்டு பக்கமும் பாறைக் கரை.

மாஸ்ட் பக்கத்தில் ஏதோ கயிறு சிக்கிக்கொண்டது. மாப்பிள்ளை தங்கையிடம், "இந்தச் சக்கரத்தை ஒரு நிமிஷம் பிடிச்சுக்கோ, நேரா வெச்சிரு" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளவில்லை. இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொள்ளவில்லை. "ஒரு நிமிஷ வேலைதானே?" தங்கை அதுவரை அந்தச் சக்கரத்தைத் தொட்டதே இல்லை.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். பெரிய பாயின் அடிவிளிம்பில் ஒரு நீளமான உலோகக் கழி இருக்கும். அதற்குப் 'பூம்' என்று பெயர். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது படகு கொஞ்சம் தப்பாகத் திரும்பினால்கூட, காற்று பாயின் மறுபக்கத்தில் பிடித்துக்கொள்ளும். உடனே அந்தக் கழி, படகின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கோடாலி மாதிரி வீசும்.

ஓர் அலை படகைப் பின்னாலிருந்து தள்ளியது. தங்கை பயந்துபோய்ச் சக்கரத்தைத் திருப்பினாள். எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம். "டமார்" என்று ஒரு சத்தம். மாப்பிள்ளை குனியப் பார்த்தார். முழுக்கக் குனியவில்லை. கழி தலையின் பக்கவாட்டில் அடித்தது. அப்படியே கூரைமேல் விழுந்து உருண்டு, ஒரு கால் ஓரத்துக் கம்பிக்கு வெளியே தொங்க, அசையாமல் கிடந்தார். அந்தக் கம்பி மட்டும் இல்லையென்றால் நேரே கடல்தான்.

"ஐயோ!" என்று கத்திக்கொண்டு தங்கை சக்கரத்தை விட்டுவிட்டு ஓடினாள். யார்தான் ஓடமாட்டார்கள்? ஆனால் விட்ட அந்த நிமிஷமே படகு தானாகத் திரும்பி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஓரம் வரை தண்ணீர் ஏறியது. கீழே பாத்திரமெல்லாம் உருண்டது. நான் உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சுப் பழத்தைப் போட்டுவிட்டுச் சின்னவனை இறுகக் கட்டிக்கொண்டேன். எதை இழுக்க வேண்டும், எதை விட வேண்டும், எதுவுமே எனக்குத் தெரியவில்லை. பாறை மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"பெரியம்மா, தம்பியை விட்டுடாதீங்க!" என்று கத்திக்கொண்டே பெரியவள் பாய்ந்து போய்ப் பெரிய பாயின் கயிற்றைக் கவ்வியிலிருந்து விடுவித்தாள். கயிறு சர்ரென்று ஓடியது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. கேட்கவே பயங்கரமான சத்தம். ஆனால் படகு நிமிர்ந்து, வேகம் குறைந்து, தட்டாமாலை சுற்றி ஓய்ந்த குழந்தை மாதிரி நின்றது. "அம்மா, வந்து வீலைப் பிடி! காத்து வர்ற பக்கம் வெச்சுக்கோ! அப்பாவை பெரியம்மா பார்த்துக்குவாங்க!" தங்கை வந்து பிடித்தாள். பெரியவள் தண்ணீரில் கயிறு ஏதும் தொங்குகிறதா என்று இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். தொங்கினால் என்ஜின் விசிறியில் சுற்றிக்கொள்ளுமாம். பிறகு கியரை நடுவில் வைத்து என்ஜினைக் கிளப்பினாள்.

நான் சின்னவனைக் கீழே பெரியப்பாவிடம் இறக்கிவிட்டு, தவழ்ந்து போனேன். மாப்பிள்ளைக்கு மூச்சு இருந்தது. காதுக்கு மேலே ரத்தம் கொட்டியது. சுத்தமான துண்டை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து எழுந்திருக்கப் பார்த்தார். எழுந்திருக்க விடவில்லை.

ரேடியோ கீழே இருந்தது. பெரியவள் கரையைக் கூப்பிட்டாள். பதில் சொன்னது அதே நரைத்தலை அம்மாளின் குரல்! அவர் முதலில் கேட்டது, "எத்தனை பேர் இருக்கிறீர்கள்? எல்லோரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறீர்களா?" என்பதைத்தான். "முதலில் போடுங்கள், பிறகு பேசலாம்" என்றாராம். அடுத்து, எங்கே இருக்கிறீர்கள் என்றார். திரையில் இருக்கும் எண்களை வாசிக்க வேண்டும். அதுவரை வாந்தியில் துவண்டு கிடந்த என் கணவர் எழுந்து, ஒரு கையில் சின்னவனையும் ஒரு கையில் மைக்கையும் பிடித்துக்கொண்டு, ஓர் எண் பிசகாமல் வாசித்தார். பேங்கில் 25 வருஷம் கூட்டல் போட்டவர் அல்லவா!

முன்பாயை எந்தக் கயிற்றை இழுத்துச் சுருட்ட வேண்டும், என்ஜினை மெதுவாக ஓட்டிப் பாறைக்கு எப்படி விலகி நிற்க வேண்டும் என்று அந்த அம்மாள் ரேடியோவிலேயே ஒவ்வொன்றாகச் சொன்னார். பேச்சைக் கேட்ட வேறொரு படகுக்காரர் இருபது நிமிஷத்தில் வந்து எங்கள் படகில் ஏறிக்கொண்டார். அப்புறம் கரையிலிருந்து வேகப்படகு வந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு தையல் போட்டு, ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். தெய்வம் காப்பாற்றியது.

அன்று ராத்திரி தங்கை தூங்கவே இல்லை. "நான்தான்க்கா திருப்பிட்டேன். என் கையாலேயே அவரைக் கொன்னிருப்பேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் தலையில் கட்டோடு வந்த மாப்பிள்ளைதான் தேற்றினார். "தப்பு உன்னோடது இல்லை. எனக்குத் தெரிஞ்சாப் போதும்னு இருந்தேன் பாரு, அது என்னோடது. எந்தப் பக்கம் திருப்பணும்னு உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?" என்றார். நான் தலைகுனிந்துகொண்டேன். சொல்லிக் கொடுக்க ஒருவர் இரண்டு தடவை கூப்பிட்டாரே! வெங்காயம் அடுக்கினவள் நான் அல்லவா?

நாங்கள் எல்லோரும் அந்த அம்மாளிடம் போய், "இப்போது சொல்லிக் கொடுங்கள்" என்றோம். துறையில் கட்டிப்போட்ட படகில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பாடம் கேட்டோம். "நான் சொல்வதைக் கேட்டால் போதாது. ஒவ்வொருவரும் கையால் செய்து பாருங்கள்" என்றார். அப்படி நாங்கள் கற்றுக்கொண்டவற்றை இங்கே தருகிறேன். வெளிநாட்டில் பிள்ளையோ பெண்ணோ இருந்து, "வாம்மா படகில் போகலாம்" என்று கூப்பிட்டால், இதைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. படகை நிறுத்துவது. காரில் பிரேக் உண்டு. பாய்மரப் படகில் கிடையாது. பெரிய பாயின் கயிற்றைத் தளர்த்திவிட்டு, படகின் மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பினால் அது நின்றுவிடும். பாய் படபடத்தால் பயப்படாதீர்கள். சத்தம்தான் பெரிது, ஆபத்து குறைவு.

2. பூம் என்னும் கழி. அது வீசும் பாதையில் நிற்காதீர்கள், உட்காராதீர்கள். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது, கழி வீசாதபடி ஒரு கயிற்றால் முன்பக்கமாக இழுத்துக் கட்டி வைக்க வேண்டும். நாங்கள் கட்டவில்லை.

3. லைஃப் ஜாக்கெட். குழந்தைகள் மேல்தட்டுக்கு வந்தால் ஜாக்கெட் இல்லாமல் வரவே கூடாது. பெரியவர்களும் உட்காரும் குழியை விட்டு வெளியே போகுமுன் போட்டுக்கொண்டு, அதிலுள்ள கயிற்றைப் படகில் மாட்டிக்கொள்ள வேண்டும். கால்களுக்கு நடுவில் வரும் பட்டையைக் கட்டாமல் விட்டால், தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மேலே ஏறிவிடும், ஆள் உள்ளே நழுவிவிடுவார். தானாக ஊதிக்கொள்ளும் ஜாக்கெட்டில், உள்ளே இருக்கும் சின்ன சிலிண்டர் இறுக்கமாகத் திருகியிருக்கிறதா என்று கிளம்புமுன் தொட்டுப் பாருங்கள்.

4. ஒருவர் தண்ணீரில் விழுந்துவிட்டால். உடனே கத்த வேண்டும். மிதவையை வீச வேண்டும். ஒருவர் விழுந்தவரையே பார்த்து, கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலையே கொடுக்கக் கூடாது. திரையில் அதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் விழுந்த இடம் குறித்துக்கொள்ளப்படும். எதற்கு இத்தனை அவசரம் என்றால், 6 நாட் வேகத்தில் போகும் படகு நொடிக்கு 3 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. ஒரு நிமிஷத்தில் 180 மீட்டருக்கு மேல். அலைக்கு நடுவே ஒரு தலை தேங்காய் அளவுதான் தெரியும். பாயை இறக்கி, என்ஜினில் மெதுவாகத் திரும்பி வர வேண்டும். ஆள் பக்கத்தில் வந்ததும் கியரை நடுவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், கீழே விசிறி சுற்றுகிறதே!

5. ரேடியோ. பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும், விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். உயிராபத்து என்றால் 16-ஆம் சானலில் "மேடே, மேடே, மேடே" என்று மூன்று தடவை சொல்லி, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். பல ரேடியோக்களில் மூடி போட்ட சிவப்புப் பொத்தான் இருக்கும். மூடியைத் திறந்து சில நொடி அழுத்திப் பிடித்தால், அது அபாயச் செய்தியைத் தானே அனுப்பிவிடும். இந்த வரிகளை ஓர் அட்டையில் எழுதி ரேடியோ பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டால், இங்கிலீஷ் சரளமாக வராத என் போன்றவர்களும் வாசித்துவிடலாம்.

6. சமையல். நமக்குத் தெரிந்த விஷயம் என்று அலட்சியம் வேண்டாம். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு ஜன்னலைத் திறந்துவிடுகிறோம். படகின் அடிப்பாகம் ஒரு கிண்ணம் மாதிரி. கசிந்த வாயு அங்கே போய்த் தேங்கி நிற்கும், ஒரு பொறி பட்டால் போதும். ஆகவே சமையல் முடிந்ததும் அடுப்பை மட்டும் அணைத்தால் போதாது, ஒவ்வொரு தடவையும் சிலிண்டரையும் மூட வேண்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் குழம்போ வெந்நீரோ வைக்காதீர்கள். படகு போய்க்கொண்டிருக்கும்போது எண்ணெய்ச் சட்டி வேண்டவே வேண்டாம்.

7. உடை. புடவையும் துப்பட்டாவும் வேண்டாம். கயிறு சுற்றும் உருளையில் துணி, தலைமுடி, வளையல், மோதிரம் எது மாட்டினாலும் விரல் போய்விடும். தாலிச் சரடை நான் பனியனுக்குள் போட்டு ஊக்குக் குத்திக்கொண்டேன். கால் வழுக்காத செருப்பு அவசியம். நடக்கும்போதெல்லாம் ஒரு கை எதையாவது பிடித்திருக்க வேண்டும்.

8. ஜெல்லி மீன். அந்தப் பக்கத்துக் கடலில் நவம்பரிலிருந்து மே மாதம் வரை கொடிய விஷமுள்ள ஜெல்லி மீன்கள் அதிகம். மற்ற மாதங்களிலும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் உடம்பு முழுக்க மூடும் உடை இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. கொட்டிவிட்டால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. நாம் ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகரைத் தாராளமாக, குறைந்தது 30 நொடி ஊற்றிவிட்டு, உடனே உதவிக்குக் கூப்பிட வேண்டும். சில கடற்கரைகளில் இதற்காகவே வினிகர் பாட்டில் வைத்திருக்கிறார்கள்.

கடல் மயக்கத்துக்கு மாத்திரை சாப்பிடுவதென்றால், வாந்தி வந்த பிறகு பிரயோஜனமில்லை. கிளம்பும் முன்பே சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. வாந்தி எடுக்கத் தனியாக ஓரத்துக்குப் போய்க் குனியாதீர்கள். ஒரு வாளி போதும்.

அதற்குப் பிறகு தங்கை கடல் பக்கமே போகமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவளோ மகளையும் கூட்டிக்கொண்டு வார இறுதி வகுப்பில் சேர்ந்துவிட்டாள்! வாளியில் ஒரு மிதவையைக் கட்டித் தண்ணீரில் போட்டு, அதுதான் ஆள் என்று வைத்துக்கொண்டு திரும்பி வந்து எடுக்க வேண்டுமாம். முதல் தடவை 11 நிமிஷம் ஆயிற்று என்று போனில் அழுதாள். பத்தாவது தடவை 4 நிமிஷம் என்று சிரித்தாள். 2025-இல் அதே தீவுகளுக்கு மறுபடி போனார்கள். அந்தக் குறுகிய வழியில் சக்கரத்தைப் பிடித்தது தங்கை. மாப்பிள்ளை இடுப்புக் கயிற்றை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம்.

பெண்களால் இதெல்லாம் முடியுமா என்று யாராவது கேட்டால், நம் கடற்படைப் பெண்களைக் காட்டுங்கள். 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் ஆறு பெண் அதிகாரிகள் கிளம்பி, உலகத்தைச் சுற்றிவிட்டு 2018 மே மாதம் திரும்பினார்கள். அதே தாரிணியில் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி இரண்டே இரண்டு பேர் கிளம்பினார்கள். ஒருவர் கேரளத்தின் தில்னா, இன்னொருவர் நம் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி. 25,000 கடல் மைலுக்கு மேல் ஓட்டிவிட்டு, 2025 மே 29-ஆம் தேதி கோவாவுக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டே பேர் என்றால் நினைத்துப் பாருங்கள். ஒருவர் தூங்கும்போது முழுப் படகும் மற்றவர் கையில். "அவளுக்குத் தெரியும்" என்று இவர் இருந்துவிட முடியாது. பாயும் ரேடியோவும் என்ஜினும் அடுப்பும் இருவருக்கும் தெரிந்திருந்தால்தான் இருவரும் வீடு திரும்ப முடியும்.

திருச்சிக்கு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் உட்கார்ந்து ஒரு கணக்குப் பார்த்தோம். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இன்ஷூரன்ஸ் பத்திரம் எந்தப் பெட்டியில் என்று தெரியவில்லை. அவருடைய ரத்த வகை தெரியவில்லை. அவருக்கு கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றத் தெரியவில்லை, என் பிரஷர் மாத்திரையின் பெயரும் தெரியவில்லை. இருபது வருஷமாக ஒரே படகில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்! அன்று மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் இருவரும் கையால் செய்து பார்த்தோம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இருட்டில் நான் நின்றபோது, "ஜாக்கிரதை, ஷாக் அடிக்கப் போகுது" என்று அவர் கத்தினாரே, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அந்த நரைத்தலை அம்மாளின் கேள்வியை அபசகுனம் என்று நினைத்தேன். இப்போது யார் எங்கே கிளம்பினாலும் நானே அதைக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் உங்களுக்குத் தெரியாத 'சக்கரம்' எது என்று யோசித்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள், சகோதரிகளே. அடுத்த இதழில் சந்திப்போம்.